கையடக்கக் கணினிகளும் அவற்றின் உறுதிப்பாடும்

எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, இலக்கணம் பற்றியோ இலக்கிய நயம் பற்றியோ ஏதேனும் எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பையும், விஞ்ஞான ஆசிரியர்களாகிய என் நண்பர்களுக்குச் சிறிது கோபத்தையும் விளைத்தல் கூடும். அவர்கள் பொறுத்தருள்க. கணினியின் உள்ளே நிகழும் கணக்குகளைப் பற்றி எழுத யான் துணியவில்லை. அதன் ஓடு, மூட்டு, மின்கலம், திருகாணி என்பவை பற்றியே எழுதுகின்றேன். இவை சைக்கிள் வைத்திருக்கும் எவருக்கும் விளங்கக் கூடியவை.

இதனை எழுதத் தூண்டியது ஒரு செய்தி. விழா ஆண்டின் நினைவாக மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் கையடக்கக் கணினி ஒன்று வழங்கவேண்டும் என்ற பேச்சு, கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவரிடையே எழுந்துள்ளது. நல்ல மனத்திலிருந்து எழுந்த பேச்சு அது. அதனைத் தடுப்பது என் நோக்கமன்று. ஆயினும், கொடுக்கப்படும் பொருள் எத்தனை மாதம் நிற்கும், பழுதுற்றால் அதனை யார் திருத்துவர் என்ற வினாக்களை எவரும் எழுப்பியதாக யான் கேள்வியுறவில்லை. விலை பேசப்பட்டது, நிறங்கூடப் பேசப்பட்டது. உறுதி பேசப்படவில்லை. இவ்வினாக்களைக் கேளாது விட்டதனால் இக்கருவிகளின் குறுகிய வரலாற்றில் எத்தனை முயற்சிகள் நலிந்தன என்பதையும், என் சொந்த இழப்பு ஒன்றையும் இங்கே கூறுவது பயனுடைத்து என எண்ணுகின்றேன்.

சொந்தக் கதையை முதலிற் சொல்லி விடுகின்றேன்.

2002ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. பல்லாண்டு பிரிந்திருந்த உறவினர்கள் ஊர் பார்க்க வந்த காலம் அது. கனடாவிலிருந்து வந்த என் பெரியப்பாவின் மகனாகிய அண்ணர், தாம் பாவித்த கையடக்கக் கணினி ஒன்றை எனக்குத் தந்து சென்றார். அதனைச் செய்த கொம்பனியின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. சட்டைப் பையில் அடங்கும் அளவு. மெல்லிய கோல் ஒன்றினால் திரையைத் தொட்டு எழுதலாம். அதனைக் கையில் ஏந்திய நாளில் யான் அடைந்த பெருமையை இப்போது நினைக்க நாணமாக இருக்கின்றது.

அந்நாளில் யான் வடமராட்சிப் பகுதியில் கமத்தொழிற் சொற்களைத் தொகுத்து வந்தேன். துலா மிதித்து நீரிறைத்த தலைமுறையினர் அப்போதே சிலராகத்தான் எஞ்சியிருந்தனர். அவருள் ஒருவர் எண்பது வயது கடந்த கமக்காரர். ஊரார் அவரை ‘அப்பு’ என்றே அழைத்தனர். யானும் அவ்வாறே அழைத்தேன். துலா, ஆடுகால், துலாக்கொடி, பட்டை என்று கிணற்றடியில் தொடங்கினால், நுகம், பூட்டாங்கயிறு, குடம், ஆரக்கால், கடையாணி என்று வண்டிக்குச் சென்று, மாட்டின் சுழி, மண்ணின் நிறம், மழையின் வகை என மாலை மங்கும் வரை சொல்லிக்கொண்டே இருப்பார். முதலில் அவற்றைக் கொப்பி ஒன்றில் எழுதினேன். கருவி வந்தபின் கொப்பியை மூடி வைத்துவிட்டு அதிலே எழுதலானேன். அதிலே தமிழெழுத்து இல்லை. ஆங்கில எழுத்தில், லகர ளகர ழகரங்களைச் சிறிய எழுத்தாலும் பெரிய எழுத்தாலும் ஒருவாறு வேறுபடுத்தி எழுதினேன். தமிழாசிரியன் செய்யத்தக்க காரியமா என்று கேட்பின், அன்று என்றே விடை கூறுவேன்.

அப்பு ஒருநாள் அக்கருவியை வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்ப்பவர் போல அசைத்துப் பார்த்துவிட்டு, “உதுக்குள்ளை எழுதினது நிக்குமே தம்பி?” என்றார். நிற்கும் என்றேன்.

2006ஆம் ஆண்டு ஆவணியில் போர் மீண்டும் மூண்டு பாதை அடைபட்டது. மின்சாரம் இல்லை. அக்கருவியின் மின்கலம் கழற்றி மாற்ற முடியாதபடி உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. மேசைக் கணினியோடு அதனை இணைத்துப் பிரதி எடுப்பதற்கான வடமோ, முந்திய ஆண்டே செருகும் இடத்தில் நைந்து அறுந்துவிட்டது. அதற்கு மாற்று வடம் யாழ்ப்பாணத்தில் எங்கும் கிடைக்கவில்லை. நண்பர் ஒருவரின் கடையிலிருந்த மின்பிறப்பாக்கியில் இரண்டு தடவை மின்னேற்றினேன். மூன்றாந்தடவை சில நாள் பிந்திவிட்டேன். ஊரடங்கு நாட்கள் அவை. மின் ஏறிய பின் கருவி உயிர்பெற்றது. ஆனால் திரையில் ஒரு சிலுவைக் குறி தோன்றி, அதன் நடுவைத் தொடுமாறு கேட்டது. பின்னர் இன்று என்ன தேதி என்று கேட்டது. கடையில் வாங்கிய முதல் நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறு வெறுமையாக இருந்தது. ஏறக்குறைய 600 சொற்கள், அவற்றின் விளக்கங்களோடு, இல்லாதொழிந்தன. அடுத்த ஆண்டு அப்புவும் காலமாகிவிட்டார். மூடி வைத்த கொப்பியில் இருந்த 140 சொற்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

இதனை என் கவனக்குறைவு என்பாருமுளர். அதில் உண்மையில்லாமலில்லை. ஆயினும், அக்காலத்துக் கையடக்கக் கணினிகளின் அமைப்பே அத்தகையது என்பதைப் பின்னர் அறிந்தேன். எழுதியவற்றை அவை வைத்திருந்த நினைவகம், மின்னோட்டம் உள்ளவரைதான் எதனையும் நினைவில் வைத்திருக்கும். மின்கலம் முற்றாக வற்றினால் எல்லாம் அழியும். பாம் என்னும் கொம்பனியின் கருவிகளும், விண்டோஸ் சி.ஈ. என்னும் மென்பொருளில் இயங்கிய கருவிகளும் இவ்வாறே இருந்தன. மின்சாரமின்றியும் அழியாத நினைவகம் இவற்றில் பொதுவாக இடம்பெறத் தொடங்கியது 2004, 2005ஆம் ஆண்டளவிற்றான். வெளியே எடுத்துச் செல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு குறிப்பேடு, வெளியே சில வாரம் மின்சாரமின்றி இருந்தால் தன்னை மறந்துவிடும் என்பது எத்துணை விந்தை!

இதிலே மேலும் ஒரு விந்தை உண்டு. இக்கருவிகளின் மூத்த பிள்ளையென்று சொல்லத்தக்கது 1984ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே சயன் கொம்பனி வெளியிட்ட ‘ஓர்கனைசர்’ என்பதாகும். பருமனான பெட்டி; திரையில் ஒற்றை வரிதான் தெரியும். ஆயினும், எழுதியவை ஒரு சிறு பொதியிற் பதிந்தன. மின்கலத்தைக் கழற்றினாலும் அவை அழியா; முற்றாக அழிக்க வேண்டுமெனின் பொதியைக் கழற்றிப் புறவூதாக் கதிரில் வைத்தல் வேண்டும். அதன் பிளாத்திக்கு உறை சாவிகளின் மேல் வழுக்கி மூடிக்கொள்ளும். 1986இல் வந்த இரண்டாம் ஓர்கனைசர் கடைகளிலும் பண்டகசாலைகளிலும் நாள்முழுதும் அடிபட்டு உழைத்தது. அழகும் வேகமும் அதற்கில்லை, உறுதி இருந்தது. பின்வந்தவை அழகாயின, வேகமாயின, மறதியும் உடையனவாயின.

அதே கொம்பனி 1997இல் வெளியிட்ட ‘ஐந்தாம் வரிசை’ என்னும் கருவியைப் பாருங்கள். திறக்கும்போது சாவிப்பலகை முன்னே வழுக்கி வந்து திரையைத் தாங்கும். அம்மூட்டின் வேலைப்பாட்டை இன்றும் வியந்து பேசுகின்றனர். ஆனால் திரையையும் உடலையும் இணைக்கும் செப்பு நாடா அம்மூட்டின் வழியே சென்றது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மூடும்போதும் நாடா வளைந்து நிமிரும். ஓர் ஈர்க்குக் கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் என்னாகும் என்பது நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சில ஆண்டுகளில் நாடா வெடித்தது. திரையிற் கோடுகள் விழுந்தன. பின்னர் ஒன்றுமே தெரியாதாயிற்று. மூளை பழுதுறவில்லை, கண் நரம்பு அறுந்தது என்று சொல்லலாம். வண்டியின் பெருமை கடையாணியில் இருக்கின்றது என்று அப்பு சொல்லுவார். கடையாணி கழன்றாற் பூட்டலாம். அந்த நாடாவைச் சாதாரண மனிதன் எட்டவே முடியாதபடி உள்ளே வைத்திருந்தனர்.

அமெரிக்க நாட்டு அப்பிள் கொம்பனி 1993ஆம் ஆண்டு ஆவணியில் வெளியிட்ட ‘நியூட்டன்’ வேறுவகையில் இடறியது. கையெழுத்தை வாசித்து அச்செழுத்தாக்கும் என்று விளம்பரம் செய்தனர். அது சொற்களைத் தவறாக வாசித்ததனால் பத்திரிகைக் கேலிச் சித்திரங்களுக்குப் பொருளாயிற்று. பின்வந்த நியூட்டன்கள் மிக நன்றாக வாசித்தன என்பர். எனினும் முதல் நாளிற் போன பெயர் திரும்பவில்லை. 1998இல் அதனை நிறுத்திவிட்டனர். ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. முதலாந் தவணையில் ‘மொக்கு’ என்று பெயர் கேட்ட பிள்ளை மூன்றாந் தவணையில் முதலாம் பிள்ளையாக வந்தாலும் நம்புவார் இலர்.

1996இல் வந்த ‘பாம் பைலட்’ இவற்றுள் அறிவோடு செய்யப்பட்டது. அதனை ஆக்கிய ஜெப் ஹோக்கின்ஸ் என்பார், கருவியைச் செய்யுமுன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பையிலே கொண்டு திரிந்து, எப்போதெல்லாம் அதனை எடுக்க வேண்டியிருக்கின்றது என்று தம்மையே சோதித்தார். கடையிற் கிடைக்கும் சிறிய மின்கலங்கள் இரண்டே அதற்குப் போதும். பல வாரம் உழைக்கும். அவற்றை மாற்றும்போது ஏறக்குறைய ஒரு நிமிடம் மட்டும் நினைவு நிற்கும். அதற்குள் புதியனவற்றைப் போட்டுவிட வேண்டும். இக்குறையோடும் அது மக்களுக்கு உழைத்தது. காரணம், சோர்ந்த உறுப்பை உடையவரே மாற்றக்கூடியதாக இருந்தமை. அடுத்து வந்தோர் மெலிவை விரும்பி மின்கலத்தை உள்ளே வைத்து மூடினர். 2000ஆம் ஆண்டில் வந்த கொம்பாக் ‘ஐபாக்’ மிக வேகமானது, நிறத்திரை உடையது. ஆனால் திரையின் அடியிலே தூசி புகுந்து புள்ளி புள்ளியாகத் தெரிகின்றது என்று வாங்கியோர் முறையிட்டனர். குளிர்நாட்டு அலுவலகத்திலேயே தூசி புகுந்ததெனின், சோளகக் காற்றில் நம் செம்மண் றோட்டில் என்னாகியிருக்கும்?

நம் குடாநாடு இக்கருவிகளுக்கு ஒரு கடுமையான பரீட்சை மண்டபம் என்றே சொல்லலாம். எங்கு நின்றாலும் கடல் தூரத்திலில்லை. உப்புக்காற்று உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். சோளகம் புழுதியைக் கொண்டுவரும். வாடை ஈரத்தைக் கொண்டுவரும். சில கருவிகளின் ஓட்டிற்கு மென்மை தருவதற்காகப் பூசப்பட்ட இறப்பர் போன்ற பூச்சு, ஈரப்பதத்தினால் மெல்லச் சிதைந்து, பலாப்பால் பட்டது போல் கையில் ஒட்டும். என் கருவியும் அவ்வாறாயிற்று. இலிதியம் மின்கலமோ வெப்பத்தில் விரைந்து மூப்படையும். முற்றாக மின்னேற்றிய நிலையில் வெப்பமான இடத்தில் நெடுங்காலம் கிடந்தால் இன்னும் விரைவாகக் கெடும். சிலவேளை வீங்கித் திரையையே தள்ளி எழுப்பும். சாதாரண மின்கலத்தை நெடுநாள் உள்ளே விட்டால் காரம் கசிந்து செப்பைப் பச்சையாக்கும். இதற்கு மட்டும் நம் ரேடியோ திருத்துபவர்கள் நல்ல வைத்தியம் வைத்திருந்தனர். தேசிக்காய்ப் புளியைப் பஞ்சில் தோய்த்துத் துடைத்து, நீர்ப்பற்றுப் போக வெயிலில் காயவைப்பர். காரத்தைப் புளிப்பு முறிக்கும் என்ற இரசாயன விதிதான் அது.

அவர்களைப் பற்றி ஒரு சொல் கூறாது மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு மின்கலம் என்பது எத்தகைய பொருள் என்பது தெரியும். பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டது. சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவின் மின்னால் ரேடியோவில் செய்தி கேட்டோம். என் தந்தையார் செய்தி கேட்க, மிதித்தவன் யான். செய்தி முடியுமுன் கால் சோர்ந்தாற் குரலும் சோரும். ஜாம் போத்தல் விளக்கிற் படித்தோம். எத்தனையோ ஆண்டுக்கு முன் இங்கிலாந்திற் செய்த ஒஸ்ரின், மொறிஸ் கார்கள், துளி பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடின. அவை ஓடியமைக்குத் திருத்தியவரின் கைத்திறன் பாதிக் காரணம். திறக்கக்கூடியதாகச் செய்த அமைப்பு மற்றைப் பாதி. ஒட்டி மூடிய பெட்டியாக இருந்திருந்தால் எந்தக் கைத்திறனும் பயன்பட்டிராது.

நிற்க. இந்தியாவில் நிகழ்ந்த இரண்டு முயற்சிகளை நோக்குவோம். நாம் செய்ய நினைக்கும் காரியத்திற்கு இவையே அண்மையானவை.

முதலாவது சிம்பியூட்டர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுவாமி மனோகர் முதலிய பேராசிரியர்களும், என்கோர் என்னும் மென்பொருட் கொம்பனியைச் சேர்ந்த பொறியியலாளரும் சேர்ந்து, ஏழை மக்களுக்கென ஒரு கையடக்கக் கணினியை அமைக்க முயன்றனர். 2001ஆம் ஆண்டு சித்திரையில் அதன் மாதிரி வெளியிடப்பட்டது. எழுத்தறியாதவரும் படங்களைத் தொட்டுப் பயன்கொள்ளலாம். இந்திய மொழிகளில் இயங்கும். ஒரு கருவியை ஊரவர் பலர் பகிர்ந்துகொள்வதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை உண்டு. எத்துணை உயர்ந்த எண்ணம்! 2004ஆம் ஆண்டு பங்குனியில் ‘அமிதா’ என்ற பெயரோடு, பாரத் எலக்ரோனிக்ஸ் தொழிற்சாலையிற் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்தது. மிகக் குறைந்த விலையுள்ளதே பத்தாயிரம் இந்திய ரூபாவை அண்மியது. விற்றவை சில ஆயிரமே. அதன் வீழ்ச்சிக்கு உறுதிக் குறைவு காரணமென்று யான் கூறமாட்டேன். விலை, காலத்தாழ்வு, பெருகிவந்த கைத்தொலைபேசி என்பன முதன்மையான காரணங்கள். ஆயினும் ஒரு பாடம் அதில் உண்டு. சில ஆயிரமே விற்ற கருவிக்கு ஊர்தோறும் உதிரிப்பாகம் வராது. ஊர்தோறும் திருத்துபவர் உருவாகார். நல்ல கருவியே ஆயினும், தனித்து நின்றால் அநாதையாகும்.

இரண்டாவது ஆகாஷ். 2011ஆம் ஆண்டு ஐப்பசி 5ஆம் தேதி புதுதில்லியில் வெகு ஆரவாரத்தோடு வெளியிடப்பட்டது. உலகிலேயே மலிவான கைப்பலகைக் கணினி என்றனர். அரசாங்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 டொலர் கொடுத்தது. மாணவருக்கு அதனிலும் குறைவாகக் கிடைக்கும் என்றனர். ஏழு அங்குலத் திரை. 256 மெகாபைற்று நினைவகம். மெதுவாக இயங்கும் செயலி. திரை அழுத்தத்தினால் இயங்கும் வகை. கடத்தும் பூச்சுப் பூசிய இரண்டு படலங்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளி விட்டு, மேற்படலத்தை அழுத்தும்போது கீழ்ப்படலத்தைத் தொடச் செய்வது இதன் முறை. மலிவானது. ஆனால் விரலுக்கு வலி. நாளடைவில் பூச்சு வெடிக்கும். தொட்ட இடம் ஒன்று, இயங்கும் இடம் வேறொன்றாகும். மின்கலம் விரைவில் வற்றுகின்றது, கருவி சூடாகின்றது, தொடுதிரை கேட்பதில்லை என்று பரீட்சித்த மாணவரும் ஆசிரியரும் முறையிட்டனர். சோதனைப் பொறுப்பேற்ற இராஜஸ்தான் தொழினுட்பக் கழகம், மழையையும் வீழ்ச்சியையும் தாங்கவேண்டுமென இராணுவக் கருவிகளுக்குரிய தரத்தைக் கோரியது என்றும், இந்த விலைக்கு அது நியாயமன்று என்று செய்தளித்த கொம்பனி மறுத்தது என்றும் அக்காலப் பத்திரிகைகள் எழுதின. 2012இல் பொறுப்பு மும்பாய்க் கழகத்திற்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு கார்த்திகையில் திருத்திய இரண்டாம் ஆகாஷ் வந்தது. அதன் திரையும் வேகமும் முந்தியதிலும் மேலானவை.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? என் கருத்து, இருவர் பக்கமும் உண்டு என்பதே. ஐம்பது டொலருக்குப் போர்க்களக் கருவி கேட்பது பேராசை. ஆனால் பள்ளிப் பிள்ளையின் புத்தகப்பை போர்க்களத்திலும் சிறிதே குறைந்தது என்பதை ஆசிரியன் அறிவான். அப்பையில் தண்ணீர்ப் போத்தல் கசியும்; அதன்மேல் ஒருவன் இருப்பான்; சைக்கிள் கரியரில் கட்டப்பட்டு ஒழுங்கையின் குழிதோறும் அது குலுங்கும். பிழை யாதெனில், எத்தகைய உறுதி வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன் தீர்மானியாது, நூறாயிரம் கருவி கேட்டபின் தீர்மானிக்க முற்பட்டமையே. தாலி கட்டியபின் சாதகம் பார்ப்பது போன்றது அது.

‘பழைய கதை; இன்றைய கருவிகள் அவ்வாறல்ல’ என்று இளைஞர் கூறலாம். பெரும்பாலும் மெய்யே. இன்றைய கருவி மின்சாரமற்றாலும் எழுதியதை மறவாது. தமிழெழுத்து இயல்பாக வருகின்றது. அதற்காக யான் நாள்தோறும் நன்றி கூறுவேன். ஆயினும் 2020இல் நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, தொலைபேசி வழியே பாடம் நடத்தியபொழுது யான் கண்டது யாது? என் வகுப்பில் வரவு குறைந்த பிள்ளைகளிற் பலருக்கு, தொலைபேசி இருந்தது; மின்னேற்றும் துளை தளர்ந்திருந்தது. இறப்பர் வளையத்தால் வடத்தை இழுத்துக் கட்டி, அசையாமல் இருந்து பாடங்கேட்ட பிள்ளை ஒருத்தியை அறிவேன். 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது உதிரித் திரையின் விலை சிலர் வீட்டு ஒரு மாதச் செலவை எட்டியது. அவ்வாண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. பழைய நோய் வேறு உருவில் இருக்கின்றது: மூளை நன்று, மூட்டு நன்றன்று.

மேனாட்டாரும் இதனை உணரத் தலைப்பட்டுள்ளனர். கையிலே கொண்டுசெல்லும் கருவிகளின் மின்கலத்தை உடையவரே கழற்றி மாற்றக்கூடியதாக, 2027ஆம் ஆண்டு மாசி மாதம் முதல் அமைத்தல் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. விலக்குகள் சில உண்டு; எனினும் 1996இல் பாம் பைலட்டில் இருந்த ஓர் எளிய நன்மையைத் திரும்பப் பெறுவதற்கு மூன்று பத்தாண்டும் ஒரு சட்டமும் வேண்டியிருந்தன என்பது நினைக்கத்தக்கது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று மட்டும் இடையே சொல்ல விரும்புகின்றேன். அப்பு சொன்ன துலாவிலும் வண்டியிலும் பெயரில்லாத உறுப்பு ஒன்றுமில்லை. பெயர் இருந்தமையால், ‘ஆடுகால் சாய்ந்துவிட்டது’, ‘குடம் வெடித்துவிட்டது’ என்று சிறுவனும் சென்று தச்சனிடம் சொல்ல முடிந்தது. இன்று பிள்ளை கருவியைக் கொண்டுவந்து ‘வேலை செய்யுதில்லை, சேர்’ என்று மட்டுமே சொல்லுகின்றது. எது வேலை செய்யவில்லை என்று கேட்டால் விழிக்கின்றது. உள்ளே இருப்பது யாதென்று ஒருநாளும் கண்டதில்லை. காணாததற்குப் பெயரும் இல்லை. ஏடும் அழியும் பொருள்தான். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1880களில் பழந்தமிழ் நூல்களை அச்சேற்ற முற்பட்டபோது, தொட்டால் ஒடியும் ஏடுகளோடு போராடினார். ஆனால் ஏடு செல்லரிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததனால் பிரதி செய்தோர் இருந்தனர். என் 600 சொற்கள் அழிந்தது எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஆதலின் விழாக் குழுவினர்க்கும் கடல் கடந்த அன்பர்க்கும் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒன்று என்று எண்ணாது, முதலில் ஐந்தாறு வகையில் ஒவ்வொன்று வாங்குக. அவற்றைக் கரையோரத்திலிருந்து வரும் பிள்ளைகளிடமும், தோட்டக்காணியிலிருந்து வரும் பிள்ளைகளிடமும், நெடுந்தூரம் சைக்கிளில் வரும் பிள்ளைகளிடமும் கொடுத்து, ஒரு சோளகமும் ஒரு வாடையும் கழியட்டும். எது எஞ்சுகின்றதோ அதனை வாங்கலாம். ஓராண்டு பிந்துமே என்பர். விழா பிந்தாது; பரிசு பிந்தும், அவ்வளவே. சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியை உதிரி மின்கலம், உதிரித் திரை, மின்னேற்றும் துளை என்பவற்றுக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். எந்தக் கருவியின் உதிரிப்பாகத்தை விற்போர் இல்லையோ, அது எத்துணை மலிவாயினும் வேண்டா. வெளிநாட்டு வீடுகளிற் பாவித்துக் கழித்த கருவிகளை அன்பின் மிகுதியாற் பெட்டி பெட்டியாக அனுப்புவோரும் சற்றுப் பொறுக்க. பத்து வகையில் பத்து வந்தால், ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, விஞ்ஞானகூடத்தின் அருகே பழைய மேசை கதிரைகள் அடைந்து கிடக்கும் அறையைத் துப்புரவாக்கி ஒரு திருத்தகம் அமைத்தால் என்ன? நுண்ணிய திருகாணிகளுக்கான முடுக்கிகள், ஈயம் வைக்கும் கோல், மின்னளக்கும் கருவி, பூதக்கண்ணாடி, நல்ல வெளிச்சம், சனிக்கிழமை தோறும் இரண்டு மணிநேரம். பட்டணத்திற் தொலைபேசி திருத்துவோருள் நம் பழைய மாணவர் பலர் உளர்; பரீட்சையில் அவர்களைத் தேறாதவர் என்று நாம் எழுதி அனுப்பினோம். அவர்களை ஆசிரியராக அழைத்துவந்து முன்வரிசையில் இருத்துவோம். என் பழைய கருவியைச் சென்ற ஆண்டு திறந்து, வீங்கிய மின்கலத்தை அகற்றி, உள்ளிருந்த ஒவ்வோருறுப்பையும் எனக்குக் காட்டித் தந்தவன் அத்தகைய ஒருவனே. அவன் கூலி வாங்க மறுத்துவிட்டான். உறுப்புகளுக்கு அவன் தன் தொழிலில் வழங்கும் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், அந்தப் பழைய கொப்பியிலேயே, 140ஆம் சொல்லுக்குக் கீழே.

கொப்பியில் இன்னும் பல தாள் வெறுமையாக உள்ளன. இம்மலரை வாசிக்கும் அன்பர் எவர் வீட்டிலேனும் துலா மிதித்த, வண்டி கட்டிய முதியவர் இருப்பின், கல்லூரிக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புக. பின்னேரத்தில் சைக்கிளில் வருகின்றேன்.